ஓர் ஒன்றியத் தொடக்கப்பள்ளியின் நூற்றாண்டு மலர்: மதிப்புரை

நூறாண்டு கண்ட அரசுப் பள்ளிகள் விழா எடுப்பதும், விழாவையொட்டி மலர் ஒன்றை வெளியிடுவதும் தமிழ்நாட்டில் இப்போது வழக்கமாகி வருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை வாழ்த்துச் செய்திகளும் விளம்பரங்களும் குழுப் படங்களுமாக நிறைந்து, விழா முடிந்த கையோடு பீரோவின் மேல்தட்டுக்குப் போய்விடுகின்றன. மானாவாரி நிலம் சூழ்ந்த ஒரு சிற்றூரின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி வெளியிட்டிருக்கும் மலரை அந்த வரிசையில் வைக்க முடியாது. ஆசிரியர்களும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து அமைத்த தொகுப்புக் குழு, பள்ளியின் இரும்புப் பெட்டியில் கிடந்த பதிவேடுகளை எடுத்துப் படித்து, அவற்றிலிருந்து வரலாற்றை எழுத முயன்றிருக்கிறது. அந்த முயற்சி எங்கே வென்றிருக்கிறது, எங்கே பாதியில் நின்றிருக்கிறது என்பதைப் பார்ப்பதே இந்த மதிப்புரையின் வேலை.

ஊரின் பெயரையும் பள்ளியின் பெயரையும் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். மலரில் படியெடுத்து அச்சிடப்பட்டுள்ள சேர்க்கைப் பதிவேட்டில் இடம்பெற்றவர்களின் மக்களும் பேரப்பிள்ளைகளும் இன்றும் அதே தெருக்களில் வசிக்கிறார்கள். ஊருக்குள் கைமாறும் நூலில் ஒரு குடும்பச் செய்தி இருப்பது வேறு, அது இணையத்தில் பரவுவது வேறு.

முதலில் குறைப்பட்டுக்கொண்டு முடித்துவிட வேண்டிய பகுதி முன்பக்கங்கள்தான். அமைச்சரில் தொடங்கி வட்டாரக் கல்வி அலுவலர் வரை ஒரே அச்சில் வார்த்த வாழ்த்துரைகள் அணிவகுக்கின்றன. அவற்றில் பள்ளியின் பெயரை மாற்றிவிட்டால் எந்தப் பள்ளிக்கும் பொருந்தும். நன்கொடையாளர்களை நிறைவு செய்ய வேண்டிய கட்டாயம் குழுவுக்கு இருந்திருக்கும் என்பது புரிகிறது. ஆனால் அந்தப் பக்கங்களை நூலின் கடைசிக்குத் தள்ளியிருக்கலாம். வாசகர் நேரே மூன்றாம் இயலுக்குப் போய்விடுவது நல்லது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

இயல்களில் முதலாவது, பள்ளி எப்போது தொடங்கியது என்ற கேள்வியை எடுத்துக்கொள்கிறது. எளிதாகத் தோன்றும் இந்தக் கேள்விதான் கிராமப் பள்ளி வரலாறு எழுதுவோரை அதிகம் வழுக்கி விழச் செய்கிறது. ஓட்டுக் கட்டடத்தின் நிலைப்படிக்கு மேல் பதித்துள்ள கல்லில் ஓர் ஆண்டு இருக்கிறது. விழாவும் அந்த ஆண்டைக் கொண்டுதான் கணக்கிடப்பட்டது. ஆனால் மலரே பின்னொரு பக்கத்தில் படம் எடுத்துப் போட்டிருக்கும் பழைய சேர்க்கைப் பதிவேடு, கல்லில் உள்ள ஆண்டுக்கு முன்னரே தொடங்கிவிடுகிறது. அதற்கும் முன்பு கோவில் பக்கத்துத் திண்ணையில் ஒரு வாத்தியார் மணலில் எழுத்துப் பழக்கியதாக ஊரில் செய்தி உண்டு. ஆக, திண்ணையில் தொடங்கிய நாள், அரசு அங்கீகாரமும் மானியமும் பெற்ற நாள், ஜில்லா போர்டு என்ற மாவட்ட உள்ளாட்சி அமைப்பின் கைக்கு வந்த நாள், கட்டடம் எழும்பிய நாள் என்று நான்கு தொடக்கங்கள் இருக்கின்றன. குழு கடைசியைத் தேர்ந்துகொண்டது தவறன்று. ஏன் அதைத் தேர்ந்தது என்று ஒரு பத்தி எழுதாமல் விட்டதுதான் தவறு.

திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பற்றி மலர் எழுதும் பக்கங்களில் சிறிது மிகை கலந்திருக்கிறது. அக்காலத்தில் ஊர் முழுதும் எழுத்தறிவு பெற்றிருந்ததாகப் படிப்பவருக்குத் தோன்றும்படி நடை அமைந்துள்ளது. சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1822இல் மாவட்ட ஆட்சியர்களிடம் கணக்குக் கேட்டு, 1826இல் பதிவு செய்த அறிக்கையின்படி, ஒன்றேகால் கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் ஏறத்தாழ 1,88,000 மாணவர்களும் இருந்தனர். அரசின் உதவியின்றி ஊர்களே நடத்திய பள்ளிகள் இத்தனை இருந்தன என்பது வியப்புக்குரியதுதான். அதே வேளையில், படித்தவர்களுள் மிகப் பெரும்பான்மையினர் ஆண்பிள்ளைகள் என்பதையும், படிப்பு கிடைக்காத வீடுகளே ஊரில் மிகுதி என்பதையும் அதே கணக்கு காட்டுகிறது. மலர் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டது. எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், வாத்தியாருக்குத் துணையாக மற்றப் பிள்ளைகளைக் கவனிக்கும் சட்டாம்பிள்ளை, கயிற்றில் தொங்கவிடும் கோதண்டத் தண்டனை என்று திண்ணைப் பள்ளியின் அன்றாடத்தைச் சொல்லும் பத்திகள் மட்டும் நன்றாக வந்திருக்கின்றன.

1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டத்தைப் பற்றி மலர் ஒரே வாக்கியத்தில் கடந்து செல்வது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. உள்ளாட்சி அமைப்புகள் கல்வி வரி விதிக்கவும், தகுந்த பகுதிகளில் கட்டாயக் கல்வியைக் கொண்டுவரவும் வழி செய்த சட்டம் அது. மாவட்டந்தோறும் கல்விக் குழு ஒன்றையும் அது ஏற்படுத்தியது. இன்று நூறாண்டு விழா எடுக்கும் கிராமப் பள்ளிகளில் பல, இருபதுகளின் முதற்பாதியில் தோன்றியதற்கு அல்லது அங்கீகாரம் பெற்றதற்கு இந்தச் சட்டத்துக்குப் பிந்தைய முனைப்பு ஒரு முக்கியக் காரணம். ஊர்ப் பெரியவர் ஒருவர் இடம் கொடுத்தார், எனவே பள்ளி வந்தது என்று மலர் சொல்கிறது. இடம் கொடுத்த மனத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் இடம் கொடுத்த எல்லா ஊருக்கும் எல்லாக் காலத்திலும் பள்ளி வந்துவிடவில்லை.

இனி மூன்றாம் இயல். ‘சேர்க்கைப் பதிவேடு’ என்ற எளிய தலைப்பில் வரும் இந்தப் பகுதிக்காகவே மலரைப் பாதுகாத்து வைக்கலாம். பதிவேட்டின் ஒரு பக்கத்தை முழு அளவில் படியெடுத்து விரிதாளாக மடித்து வைத்திருக்கிறார்கள். ஓரங்கள் பழுப்பேறி, தைத்த இடத்தில் செல்லரித்து, மையும் சில வரிகளில் தாளைத் தின்று துளையிட்டிருக்கிறது. சேர்க்கை எண், பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர், தொழில், ஊர், சாதி, அம்மை குத்தப்பட்டதா என்ற குறிப்பு, சேர்ந்த வகுப்பு, நீங்கிய நாள், நீங்கிய காரணம் என்று பத்திகள் ஓடுகின்றன. பக்கத்தின் மேற்பகுதி ஒரு கையெழுத்து. கீழே வேறொரு கையெழுத்து. நடுவில் மூன்று வரிகள் மட்டும் பென்சிலில் எழுதப்பட்டு, மேலே மையிடப்படாமலே நின்றுவிட்டன. தலைமையாசிரியர் விடுப்பில் இருந்த நாள்களில் உதவி ஆசிரியர் எழுதியவையாக இருக்கலாம் என்று குழு ஊகிக்கிறது. ஊகம் என்று சொல்லியே எழுதியிருப்பது பாராட்டுக்குரியது.

பிறந்த தேதிப் பத்தியைக் குழு ஆராய்ந்திருக்கும் விதம் சிறப்பானது. பக்கம் பக்கமாகப் பிறந்த நாள்கள் மே, ஜூன் மாதங்களில் குவிந்து கிடக்கின்றன. பிறப்பைப் பதிவு செய்யும் பழக்கம் வேரூன்றாத காலத்தில், பிள்ளையின் வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொல்லி, விரல் எட்டினால் ஐந்து வயது நிறைந்தது என்று கொண்டு, பள்ளி திறக்கும் நாளுக்கு ஒத்துவருமாறு தலைமையாசிரியரே ஒரு தேதியை எழுதிக்கொள்வார் என்பது தமிழ்நாட்டில் முதியவர் எவரும் அறிந்த செய்தி. அந்தத் தேதிதான் பின்னாளில் பதிவுத்தாளுக்கும் மாற்றுச் சான்றிதழுக்கும் போய், வேலைக்கும் ஓய்வுக்கும் கணக்காக நின்றது. ஓய்வு பெற்ற அரசு ஊழியர்கள் கூட்டத்தில் மே, ஜூனில் பிறந்தவர்கள் நிறையப் பேர் இருப்பதற்கு வானத்தில் எந்தக் கோளும் பொறுப்பன்று.

அம்மைப் பத்தியைப் பற்றியும் ஒரு சொல். பெரியம்மை கடைசியாக இந்தியாவில் கண்டது 1975இல். அதன் பிறகும் சில ஆண்டுகள் அந்தப் பத்தி அச்சிட்ட பதிவேடுகளில் நீடித்து, நிரப்பப்படாமல் வெறுமையாகக் கிடக்கிறது. குழு இதைக் கவனித்துச் சிறு குறிப்பாகப் போட்டிருக்கிறது. இத்தகைய கூர்மைதான் மலரின் பலம்.

நீங்கிய காரணப் பத்திதான் மனத்தைப் பிசைகிறது. முதல் வகுப்பில் வரிசையாகச் சேர்ந்த பெயர்களில், ஐந்தாம் வகுப்பு முடித்து நீங்கியவர்கள் சிலரே. மற்றவர்களுக்கு நேராக ‘தொடர்ந்து வராமை’ என்று எழுதிப் பெயர் அடிக்கப்பட்டிருக்கிறது. பெண்பிள்ளைகளின் பெயர்கள் இரண்டாம், மூன்றாம் வகுப்போடு நின்றுபோகின்றன. இது இந்த ஊருக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் கல்வியின் நிலையை ஆராய்ந்து 1929இல் வெளியான ஹார்டாக் குழுவின் அறிக்கை, 1922–23இல் முதல் வகுப்பில் இருந்த நூறு பிள்ளைகளில் 1925–26இல் நான்காம் வகுப்பை எட்டியவர்கள் 18 பேர்தான் என்று கணக்கிட்டு, அதைத் தேக்கம் என்றும் விரயம் என்றும் அழைத்தது. ஒரே ஊரின் பதிவேட்டில் அதே நிலைமையைப் பெயர் பெயராகப் பார்க்கும்போது, விரயம் என்று சொன்ன குழு யாருடைய விரயத்தைச் சொன்னது என்று கேட்கத் தோன்றுகிறது. ஆடு மேய்க்கவும் களை எடுக்கவும் போன பிள்ளைகளின் உழைப்பில்தான் அந்த வீடுகளில் அடுப்பு எரிந்தது. மலர் இந்த இடத்தில் அறிக்கை எதையும் துணைக்கு அழைக்காமல், விதைப்பும் அறுவடையும் நடக்கும் மாதங்களில் பெயர் அடிப்புகள் கூடுவதை மட்டும் சுட்டிக்காட்டி நிறுத்திக்கொள்கிறது. அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

சாதிப் பத்தியின் மேல் வெள்ளைப் பட்டை ஒட்டி மறைத்துப் படியெடுத்திருக்கிறார்கள். தனிமனிதர்களின் பெயரோடு சேர்த்து அதை அச்சிடாதது சரியான முடிவு. ஆனால், பெயரை விட்டுவிட்டு, காலனித் தெருவின் பிள்ளைகள் எந்தப் பத்தாண்டில் முதன்முதலாக இந்தப் பதிவேட்டில் இடம்பெற்றார்கள், அவர்கள் எங்கே உட்கார வைக்கப்பட்டார்கள், தண்ணீர்ப் பானையை யார் தொட்டார்கள் என்பதை எழுத எந்தத் தடையும் இல்லை. பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளிகளில் எந்தப் பிள்ளையையும் மறுக்கக் கூடாது என்று மாகாண அரசு இருபதுகளில் திரும்பத் திரும்ப ஆணையிட வேண்டியிருந்தது என்பதே, ஆணை எத்தனை ஊர்களில் ஏட்டளவில் நின்றது என்பதைக் காட்டும். அதனால்தான் தொழிலாளர் துறையின் கீழ் ஒடுக்கப்பட்டோருக்கென்று தனிப் பள்ளிகள் திறக்கப்பட்டன. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அங்கே இருக்கிறது. மதுரைப் பக்கத்தில் கள்ளர் சமூகப் பிள்ளைகளுக்கென்று அதே காலத்தில் தோன்றிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளுக்கும் தனி வரலாறு உண்டு. இந்த ஊரில் ஒரே பள்ளியா, இரண்டு பள்ளிகள் இருந்து ஒன்றானதா என்பதற்கு மலரில் விடையே இல்லை. நூறாண்டு வரலாறு என்று சொல்லிக்கொள்ளும் நூலில் இது சிறிய விடுபடல் அன்று. மலரின் மதிப்பை நான் குறைத்துச் சொல்வதற்கு முதற்காரணமும் இதுவே.

பள்ளியின் நிர்வாகம் கைமாறிய கதையை முத்திரைகளின் வழியாகச் சொல்ல முயன்றது நல்ல யோசனை. ஜில்லா போர்டு முத்திரை, அதற்குப் பின் பஞ்சாயத்து யூனியன் முத்திரை, 1969இல் மாநிலத்தின் பெயர் மாறிய பிறகு வந்த தமிழ்நாடு என்ற பெயர் தாங்கிய முத்திரை என்று படங்களாக வைத்திருக்கிறார்கள். 1958ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டத்தைத் தொடர்ந்து மாவட்டப் போர்டுகள் மறைந்து, ஊராட்சி ஒன்றியங்கள் தோன்றி, தொடக்கப்பள்ளிகள் அவற்றின் பொறுப்பில் வந்தன. ஊர்க்காரர்கள் இன்றும் ‘யூனியன் பள்ளிக்கூடம்’ என்று சொல்வது அதனால்தான். 1981 ஜூன் 1 முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களானார்கள். ஆசிரியர் சங்கங்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு கிடைத்த அந்த மாற்றத்தைப் பற்றி, அதை நேரில் கண்ட ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரைக் கொண்டு எழுதச் செய்திருந்தால் இந்த இயல் எழுந்து நின்றிருக்கும். இப்போது இருப்பது போட்டித் தேர்வு வழிகாட்டியிலிருந்து எடுத்த வரிசைபோல் வறண்டு கிடக்கிறது.

அதே இயலில், 1953இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப்பள்ளிகளில் கொண்டுவந்த புதிய கல்வித் திட்டத்தைப் பற்றி இரண்டு வரிகள் மட்டும் வருகின்றன. பள்ளி ஒரு பொழுது மட்டும் நடக்கும், மறுபொழுதில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கலாம் என்ற அந்தத் திட்டம் குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டு, 1954இல் காமராசர் முதல்வரானதும் கைவிடப்பட்டது. அன்று அந்த வகுப்பறையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு இன்று எண்பதை ஒட்டிய வயது. அவர்களில் சிலர் இந்த மலருக்குப் பேட்டியும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஓராண்டில் மதியத்துக்கு மேல் என்ன செய்தீர்கள் என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை. மேடைகளில் எழுபதாண்டுகளாகப் பேசப்படும் ஒரு திட்டத்தைப் பற்றி, அதற்குள் இருந்தவர்களின் சாட்சியத்தைப் பெறக்கூடிய கடைசி வாய்ப்புகளில் ஒன்று தவறிப்போயிருக்கிறது.

சோற்றைப் பற்றிய இயலில் மலர் மீண்டும் தலைநிமிர்கிறது. 1956இல் எட்டயபுரத்தில் காமராசர் தொடங்கி வைத்த மதிய உணவுத் திட்டம் முதலில் ஊர்களின் கொடையை நம்பியே நடந்தது. பின்னர்தான் அரசு செலவில் பெரும்பங்கை ஏற்றது. பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் அதே காலத்தில் ஊர்களிடமிருந்து பெஞ்சும் பலகையும் பாத்திரமும் திரட்டின. இந்தப் பின்னணியை இரண்டு பத்திகளில் சொல்லிவிட்டு, மலர் பள்ளியின் கொடை நோட்டைத் திறந்து காட்டுகிறது. ஒருவர் கம்பு, ஒருவர் கேழ்வரகு, ஒருவர் விறகு, இன்னொருவர் ஒரு பித்தளை அண்டா. சில வீடுகளுக்கு நேராகப் ‘பிடியரிசி’ என்று மட்டும் எழுதப்பட்டுள்ளது. தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனியே போட்டுச் சேர்த்த அரிசி அது. மானாவாரி ஊரில் அரிசி எவ்வளவு அரிது என்பதை அறிந்தவர்களுக்கு அந்த ஒரு சொல்லின் கனம் புரியும். அதே நோட்டில் அணாவில் எழுதப்பட்ட தொகைகள் ஒரு பக்கத்தின் நடுவே நயா பைசாவுக்கு மாறுகின்றன. 1957 ஏப்ரலில் தசம நாணயம் வந்த அந்த வாரத்தில் கணக்கு எழுதியவர் இரண்டு வரிகளை அடித்துத் திருத்தியிருக்கிறார்.

அறுபதுகளில் கேர் (CARE) என்ற அமெரிக்க உதவி நிறுவனத்தின் வழியாக வந்த பால் பவுடரையும் கோதுமை ரவையையும் பற்றிய நினைவுகளை ஐந்தாறு பேர் சொல்கிறார்கள். பவுடரை வெறும் வாயில் போட்டு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டதை ஒவ்வொருவரும் மறக்காமல் சொல்வதும், தொகுப்பாளர் அதை ஒருமுறைக்கு மேல் அச்சிட விட்டிருப்பதும் சிரிப்பை வரவழைத்தன. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் பள்ளிக்குள் கொண்டுவந்த மாற்றத்தைக் குழு மறுபடியும் பதிவேட்டைக் கொண்டே காட்டுகிறது: அதற்குப் பின் வரும் பக்கங்களில் முதல் வகுப்புச் சேர்க்கை கூடுகிறது, இடையில் பெயர் அடிப்பது குறைகிறது, பெண்பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பு வரை நிற்கிறார்கள். சத்துணவு மட்டுமே இதற்குக் காரணம் என்று மலர் சாதிக்கவில்லை. சாலை வந்தது, இரண்டாம் ஆசிரியர் வந்தார் என்பவற்றையும் சேர்த்தே சொல்கிறது. அமைப்பாளராகவும் சமையலராகவும் வேலை பெற்ற பெண்களுக்கு ஊரில் அது என்ன பொருளாயிற்று என்பதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பது வேறு மலர்களில் நான் காணாதது. 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கிய முட்டை, 2010இல் வாரத்தின் ஐந்து பள்ளி நாளும் என்றானது வரை சுருக்கமாகச் சொல்லி, 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தோடு இயல் முடிகிறது.

கட்டடமும் வகுப்பறையும் பற்றிய பகுதி படங்களால் நிற்கிறது. கீற்றுக் கொட்டகை, நாட்டு ஓடு, சீமை ஓடு, கான்கிரீட் என்று கூரை மாறி வந்த வரிசை தெளிவாக இருக்கிறது. பள்ளிக்குக் குறைந்தது இரண்டு அறைகள், இரண்டு ஆசிரியர்கள், அடிப்படைக் கற்பிக்கும் பொருள்கள் என்ற இலக்கோடு 1987இல் மத்திய அரசு தொடங்கிய கரும்பலகைத் திட்டத்தில் வந்த பொருள்களின் பட்டியல் இருப்புப் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தரப்பட்டுள்ளது. அந்தப் பொருள்களில் பல, பெட்டியைப் பிரிக்காமலே ஆண்டுக்கணக்கில் இருந்தன என்று ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். உடைந்தால் கணக்குக் கேட்பார்கள் என்ற பயம்! பழைய சமையற்கூடத்தின் கீற்றுக் கூரை ஒரு படத்தில் இருக்கிறது, அடுத்த படத்தில் இல்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் கருகிய பிறகு மாநிலமெங்கும் பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. மலர் அந்தப் படத்தின் கீழ் ஆண்டை மட்டும் போட்டுவிட்டுக் காரணத்தைச் சொல்லவில்லை. இளம் வாசகர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதற்கும் வந்த 2007–08ஐப் பற்றிய பக்கங்கள் சமநிலையோடு எழுதப்பட்டிருக்கின்றன. பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவர் நெடுகக் கரும்பட்டை தீட்டி, ஆளுக்கோர் இடம் ஒதுக்கி, பாடங்களை வரிசைப்படுத்திய ஏணிப்படியில் தான் நிற்கும் படிக்கு உரிய அட்டையைத் தானே எடுத்துவந்து பாயில் வட்டமாக உட்கார்ந்து படிக்கும் வகுப்பறையின் படம் அருமையானது. ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் ஒருங்கே நடத்துவதற்கு அம்முறை உதவியது என்கிறார் ஒருவர். பெற்றோர் வந்து ‘பாடம் எப்போது நடத்துவீர்கள்’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள் என்கிறார் இன்னொருவர். இரண்டையும் அருகருகே வைத்துத் தீர்ப்பு எழுதாமல் விட்டிருக்கிறார்கள். எழுத்துச் சீர்திருத்தம் பற்றிய பெட்டிச் செய்தியும் குறிப்பிடத்தக்கது: 1978இல் அரசாணை வந்து பாடநூல்கள் புதிய எழுத்து வடிவங்களுக்கு மாறிய பின்னும், பதிவேட்டில் தலைமையாசிரியரின் கை பழைய கொம்பு போட்ட லையையும் னையையும் விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறது.

முன்னாள் மாணவர்களின் நினைவுக் கட்டுரைகளில் செம்மையாக்கம் போதாது. பாதிக்கு மேல் ஒரே அமைப்பு: கண்டிப்பான ஆசிரியர், பிரம்படி, அந்த அடியால் இன்று நல்ல நிலையில் இருப்பதாக நன்றி. அடியால் படிப்பை விட்டவர்கள் மலருக்குக் கட்டுரை எழுதப் போவதில்லை என்பதைத் தொகுப்பாளர் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். விதிவிலக்காக, ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒரு பெண்மணி வாய்மொழியாகச் சொல்லி எழுதப்பட்ட ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. பலகையை எச்சிலால் அழித்ததற்கு வாங்கிய திட்டு, கோவைக்காய் இலையைக் கசக்கிப் பலகையைக் கறுப்பாக்கியது, பெரியவளானதும் பலகையைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் நின்றது என்று ஒரு அலங்காரச் சொல்லும் இல்லாமல் போகிறது அந்தப் பகுதி. பட்டம் பெற்றவர்கள் எழுதிய எல்லாவற்றையும் விட அது மேலானது.

கடைசி இயல் சறுக்குகிறது. கல்வி உரிமைச் சட்டம், சமச்சீர்ப் பாடநூல், ஆங்கிலவழிப் பிரிவு, இல்லம் தேடிக் கல்வி, எண்ணும் எழுத்தும் என்று திட்டங்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஆனால் அண்மைக் காலத்தில் சேர்க்கை ஏன் இறங்குகிறது என்ற கேள்வியை மலர் தொடவே இல்லை. காலையில் ஊருக்குள் வந்து பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் தனியார் பள்ளி வேன், குறைந்துபோன பிறப்பு, வேலைக்காக நகரம் போன குடும்பங்கள் ஆகிய மூன்றும் ஊரறிந்தவை. நூறாண்டுக்கு முந்தைய பதிவேட்டை இத்தனை துணிவோடு வாசித்த குழு, பத்தாண்டுக்கு முந்தைய பதிவேட்டின் முன் வாய் மூடிக்கொள்கிறது. விழா மேடையில் சங்கடம் வேண்டாம் என்று கருதியிருக்கலாம்.

அச்சுப் பணியைப் பொறுத்தவரை, வழவழப்பான ஆர்ட் தாளுக்குப் பதிலாக மங்கலான மேப்லித்தோ தாளை உரைப் பகுதிக்குத் தேர்ந்தது கண்ணுக்கு இதம். படங்கள் தனித் தாளில் உள்ளன. தையல் கட்டு உறுதியாக இருக்கிறது. விரிதாள் மட்டும் மடிப்பில் கிழியத் தொடங்கும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியபோது சில கட்டுரைகளில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன. மெய்ப்பு பார்த்தவர் அங்கே சோர்ந்துவிட்டார். குழுப் படங்களில் முன்வரிசை நாற்காலியில் இருப்பவர்களுக்கு மட்டும் பெயர் போட்டு, நிற்கும் பிள்ளைகளையும் தரையில் சிலேட்டோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளையும் பெயரின்றி விட்டது பொறுக்க முடியாதது. பிள்ளைகளுக்காக நடந்த பள்ளி அது. பெயர்ச் சுட்டி இல்லை. இவ்வளவு பெயர்கள் உள்ள நூலுக்கு அது கட்டாயம் வேண்டும்.

மலர் விற்பனைக்கு இல்லை. விழாவுக்கு வந்தவர்களுக்கும் நன்கொடை தந்தவர்களுக்கும் கொடுக்கப்பட்டது. பள்ளியிலும் ஊர்ப்புற நூலகத்திலும் பிரதிகள் வைத்திருக்கிறார்கள். தங்கள் ஊர்ப் பள்ளிக்கு மலர் கொண்டுவர நினைப்பவர்கள் இதன் மூன்றாம் இயலையும் சோற்று இயலையும் முன்மாதிரியாகக் கொள்ளலாம், முன்பக்கங்களையும் கடைசி இயலையும் கொள்ள வேண்டாம். பதிவேடுகளைக் கையாளும் முறையிலும் இந்தக் குழுவைப் பின்பற்றலாம்: கிழிந்த தாளை ஒட்டும் நாடாவால் ஒட்டாமலும், பிளாஸ்டிக் உறை போட்டு லேமினேஷன் செய்யாமலும், நல்ல வெளிச்சத்தில் மேலிருந்து படமெடுத்து, மூலத்தைத் துணியில் சுற்றி மறுபடி பெட்டியில் வைத்திருக்கிறார்கள். இரண்டாம் பதிப்புக்குத் திருத்தங்களும் கூடுதல் செய்திகளும் அனுப்பலாம் என்று கடைசிப் பக்கத்தில் தொகுப்புக் குழு கேட்டிருக்கிறது. 1953ஆம் ஆண்டு வகுப்பில் இருந்தவர்களையும் காலனித் தெருவின் முதியவர்களையும் அதற்கு முன்னதாகவே சந்தித்துப் பதிவு செய்துவிட்டு, மற்றத் திருத்தங்களை ஆற அமரப் பார்த்துக்கொள்ளட்டும்.